கதவு திறந்தே இருக்கும்

நோட்டீஸ் அடிக்கப் போகிறவர்கள் யாரும் கவிதையைக் கையில் கொண்டு போவதில்லை. தலவாக்கலை பஜாரில் சுந்தரலிங்கத்தின் அச்சகத்துக்குப் போனால், அவரே ஒரு கொழுத்த ஃபைலை எடுத்து மேசையில் போடுவார். கவிதைக்கு ஒரு நம்பர் உண்டு. அப்பாவுக்கு நாலு, அம்மாவுக்கு ஒன்பது, வாழவேண்டிய வயதில் போனவர்களுக்குப் பதினேழு. பெயரையும் படத்தையும் சொருகிவிட்டால் வேலை முடிந்தது. சுற்றுவட்டத்துத் தோட்டங்களில் செத்தவர்களில் பாதிப் பேரை அந்த ஃபைல்தான் அழுது வழியனுப்பி வைத்தது என்றால் பொய்யில்லை.

ஜெயந்தினி அதை மூன்று தடவை புரட்டிவிட்டாள். அரைநாள் கொழுந்து பறித்ததோடு மலையை விட்டு இறங்கி, பஸ் பிடித்து வந்திருந்தாள். விரல் இடுக்கெல்லாம் தேயிலைக் கறை. அதோடு ஃபைலைத் தொடக் கூச்சப்பட்டு முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்துப் புரட்டினாள்.

"என்னம்மா, ஒண்ணும் புடிக்கலயா?" என்றார் சுந்தரலிங்கம்.

"எல்லாத்துலயும் ஆத்மா சாந்தின்னு வருதுங்க."

"வருஷ நெனவு நோட்டீஸ்ல வேற என்ன வரும்? கல்யாண வாழ்த்தா வரும்?"

அவள் சிரிக்கவில்லை. "நான் சொல்றேன், நீங்க எழுதிக்கிறீங்களா?" என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். எழுதியதைத் தூரப் பிடித்து வாசித்துக் காட்டினார்:

'அன்புள்ள ஜீவராஜ், நீங்கள் போன வழியை மழை அழிக்கவில்லை. வாசலில் விளக்கு வைத்திருக்கிறோம். உங்கள் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்திருக்கிறோம். பொழுது சாயும் நேரம் வருவீர்கள். கதவு திறந்தே இருக்கும்.'

"நல்லாத்தான் இருக்கு. மறைவுத் தேதி என்னம்மா?"

"அது வேணாங்க. வெளிய போன தேதின்னு போடுங்க."

சுந்தரலிங்கம் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். முப்பது வருஷமாக இதே தொழிலில் இருக்கிறவர், இப்படி ஒரு நோட்டீஸ் அவர் அடித்ததில்லை. "ஒங்க வீட்டு நோட்டீஸ், ஒங்க இஷ்டம்" என்று சொல்லி, கறுப்புக் கரை போட்டு நூறு பிரதி அடித்துக் கொடுத்தார்.

அவள் புருஷன் ஜீவராஜ் வெளியே போனது போன வருஷம் மார்கழி மழையில். ஏழாம் நம்பர் மலைக்கு மேலே ஊற்று இருந்தது. அங்கிருந்து தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு ஓர் இரும்புக் குழாய், வெள்ளைக்காரன் காலத்துப் பைப்பு, மலையை ஒட்டி இறங்கி வந்து லயத்து வாசலில் தண்ணீர் பிடிக்கும் பீலியாக முடியும். மழை பெய்தால் ஊற்று வாயில் இலைதழை வந்து அடைத்துக்கொள்ளும். அதை எடுத்துவிட லயத்து ஆம்பிளைகளுக்கு முறை உண்டு. அன்றைக்கு ஜீவராஜின் முறை. தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை அங்கேயே பாறையில் வைத்துவிட்டுக் குனிந்தானோ என்னவோ, மலை அப்படியே சரிந்து அவனையும் ஊற்றையும் அள்ளிக்கொண்டு ஆற்றில் இறங்கியது. நாலு நாள் ஆற்றிலும் நீர்த்தேக்கத்திலும் தேடினார்கள். கத்தி கிடைத்தது. ஒரு ரப்பர் பூட்ஸ் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காவிட்டால் மானாப்புல்லில் உருவம் கட்டி, செத்தவனின் உடுப்பை மாட்டி, அதை அடக்கம் பண்ணிக் கருமாதி செய்வது வழக்கம். ஜீவராஜின் அண்ணன் கந்தப்பன் லயத்தில் பக்கத்துக் காம்பராவில்தான் குடியிருந்தார். முப்பதாம் நாளே அவர் புல்லை அறுத்துக் கட்டி வைத்துவிட்டார். ஜெயந்தினி அந்தக் கட்டை அவிழ்த்து மாட்டுக்குப் போட்டுவிட்டாள்.

"பூனை கண்ண மூடிக்கிட்டா ஒலகம் இருட்டாயிருமா, பிள்ள?" என்று கேட்டார் கந்தப்பன். "குழி இல்லாதவன் அலைவான். அது எந்தம்பி. எனக்கு மட்டும் வலிக்கலயா?"

"ஆத்தோட போய் எங்கயாச்சும் கரையேறியிருந்தா? தலையில அடிபட்டு, பேர் ஊர் தெரியாம எங்கயாச்சும் கெடந்தா? புல்லப் பொதச்சிட்டு நான் தாலிய அறுத்துக்கவா, மச்சான்?"

ஒரு வருஷம் இப்படியே போனது. வருஷம் முடியும்போது ஊர் வாய் தாங்காமல் நோட்டீஸுக்கு மட்டும் சம்மதித்தாள். சம்மதித்தவள் அதையும் தன் ஆசைப்படியே எழுதிக்கொண்டாள் என்பது நோட்டீஸை வாங்கிய யாருக்கும் தெரியவில்லை. கறுப்புக் கரையைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், 'ச்சு, பாவம்' என்று மடித்து வைத்துவிட்டார்கள். அதை யார் எழுத்துக் கூட்டி வாசிக்கப் போகிறார்கள்?

வாசித்தது ஒரே ஒருத்தி. ஜெயந்தினியின் மகள் பிரியந்தி, வயது பதினொன்று. பிறந்ததில் இருந்தே காது கேட்காது. இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் ஒரு பாடசாலையில் தங்கிப் படிக்கிறவள், லீவுக்கு வந்திருந்தாள்.

பிரியந்தி வாசிப்பதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆள்காட்டி விரலைச் சொல்லின் மேல் வைப்பாள். அந்தச் சொல் எந்தப் பொருளோ அதைக் கண்ணால் தேடுவாள். கதவு என்றால் கதவைப் பார்ப்பாள், விளக்கு என்றால் விளக்கைப் பார்ப்பாள். பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டுதான் அடுத்த சொல்லுக்கு விரல் நகரும். போன லீவில் காய்ச்சல் மாத்திரை டப்பாவில் 'சிறுவர்களுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று இருந்ததை வாசித்துவிட்டு, லயத்துச் சிறுவர்களில் உயரமானவனைக் கூட்டி வந்து கையைத் தூக்கச் சொல்லி அளந்து, அதற்கும் மேலே முகட்டு வளையில் கொண்டுபோய்ச் சொருகிவிட்டாள். ஜெயந்தினிக்குக் காய்ச்சல் வந்தபோது அது அவளுக்கே எட்டவில்லை. லயமே சிரித்தது.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கந்தப்பன் கோதுமை மாப் பசையில் நோட்டீஸை லயத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். பிரியந்தி கிட்டே வந்து விரல் வைத்து வாசித்தாள். முதல் தடவை நிதானமாக, இரண்டாம் தடவை வேகமாக. மூன்றாம் தடவை முடித்ததும் இரண்டு கையையும் தட்டிக்கொண்டு துள்ளினாள். அப்பா படத்தில் முத்தம் வைத்துவிட்டு, ஓடிப்போய்த் தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

பீலியடியில் குடத்தோடு நின்ற காளியாயி வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னா பிள்ள இது? அப்பன் செத்த நோட்டீஸப் பாத்து மக சிரிக்கிது!"

ஜெயந்தினி பிள்ளையை அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். ஏனென்றால், பிரியந்திக்கு அவள் இன்னும் சொல்லவே இல்லை.

சொல்லக்கூடாது என்று இல்லை. போன மார்கழியில் லீவு பிந்தியதால் பிள்ளை பாடசாலையில் இருந்தாள். அங்கே படிப்பிக்கும் கௌசி டீச்சர் விஷயம் கேள்விப்பட்டுப் போனில் விசாரித்தபோது, 'நானே பக்குவமா சொல்லிக்கிறேன்' என்றாள் ஜெயந்தினி. பிள்ளை வந்ததும் மலையைக் காட்டினாள், பைப்பைக் காட்டினாள், கையைத் தூரத்துக்கு வீசிக் காட்டினாள். பிள்ளை தலையை ஆட்டியது. லயத்தில் பாதித் தகப்பன்மார் கொழும்புக் கடைகளில் இருக்கிறார்கள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் முகத்தைப் பார்க்கலாம். தன் அப்பாவும் அப்படிப் போயிருப்பதாக அது நினைத்துக்கொண்டது. ஜெயந்தினியும் அப்படியே விட்டுவிட்டாள். விட்டது அவளுக்கும் சௌகரியமாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று பொழுது சாய்ந்தபோது பிரியந்தி ஜீவராஜின் தட்டைச் சாம்பல் போட்டுத் துலக்கினாள். குப்பி லாம்பைக் கொளுத்தி வாசல்படியில் வைத்தாள். கதவை விரியத் திறந்து, மூடாமல் இருக்க அம்மிக் குழவியை முட்டுக் கொடுத்தாள். பிறகு படியில் உட்கார்ந்து மலைப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்கழிப் பனி உள்ளே வந்து அடுப்படி வரைக்கும் போய் நின்றது. ஜெயந்தினி கதவைச் சாத்தப் போனாள். பிள்ளை சுவரில் இருந்த நோட்டீஸைக் காட்டியது. கடைசி வரியில் விரலை வைத்து, கதவைப் பார்த்து, தாயைப் பார்த்தது. 'நீதானே எழுதியிருக்கிறாய்?' என்று கேட்கிற மாதிரிதான் இருந்தது.

இரண்டாம் நாள் வாசலில் சுடுதண்ணீரும் சோப்புக்கட்டியும் உப்புச் சிரட்டையும் இருந்தன. மலையில் இருந்து வந்ததும் ஜீவராஜ் காலில் ஏறிய அட்டைகளை உப்புப் போட்டு எடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவான். மூன்றாம் நாள் ஜெயந்தினி கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்தபோது, பெட்டிக்குள் இருந்த அந்த ஒற்றைப் பூட்ஸ் படியில் இருந்தது. கையில் எடுத்துப் பார்த்தாள். ஒரு வருஷமாகப் பெட்டிக்குள் கிடந்த பூட்ஸின் அடியில் ஈரச் சிவப்பு மண் ஒட்டியிருந்தது. லயத்தைச் சுற்றி மண் கறுப்பு. சிவப்பு மண் இருப்பது மலை சரிந்த இடத்தில் மட்டும்தான். பூட்ஸை மறுபடியும் அதே படியில் வைத்துவிட்டாள்.

லயத்தில் ஆறு மணிக்கே கதவுகள் சாத்திக்கொள்ள ஆரம்பித்தன. பதினாறு கதவில் பதினைந்து மூடியிருக்கும், ஒன்று மட்டும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். 

"ஒஞ்சோலி ஒன்னோட, நான் ஒண்ணும் சொல்லல" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள் காளியாயி. கொழுந்து மலையில் அவளும் ஜெயந்தினியும் பக்கத்து நிரை. "ஆனா அந்தப் பக்கம் பாக்கவே ஈரக்கொல நடுங்குது பிள்ள. நேத்து என்னா செஞ்சிச்சி தெரியுமா? பீலியடில அந்தச் செத்த பைப்பக் கட்டிப்புடிச்சிக்கிட்டு நின்னுச்சி. கண்ண மூடிக்கிட்டு. யாரோ காதுல பேசுற மாதிரி தலைய ஆட்டுது. காதே கேக்காத புள்ள!"

ஜெயந்தினியின் கை கொழுந்தில் நின்றுவிட்டது. அது என்ன என்று அவளுக்குத் தெரியும்.

ஊற்று வாயைத் துப்புரவாக்கியதும் ஜீவராஜ் கத்தியின் பின்பக்கத்தால் பைப்பில் அடிப்பான். இரண்டு அடி சேர்ந்தாற்போல், கொஞ்சம் விட்டு ஒன்று. கீழே பீலியைத் திறந்துவிடு என்று அதற்கு அர்த்தம். மழைச் சத்தத்தில் மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாலும் தவறவிடுவார்கள். பிரியந்தி பைப்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள், ஒருநாளும் தவறவிட்டதில்லை. நாலு வயதில் இருந்து அது அவளுடைய வேலை. சரிவுக்குப் பிறகு மேலே ஊற்றே இல்லை. மண் பிளந்த இடத்தில் பைப்பும் முறிந்து நிற்கிறது. இப்போது வேறு மலையில் இருந்து கறுப்பு பிளாஸ்டிக் ஹோஸில் தண்ணீர் வருகிறது. பழைய பைப்பில் துருவைத் தவிர ஒன்றும் இல்லை.

அன்றே கௌசி டீச்சருக்குப் போன் எடுத்தாள்.

"டீச்சர், புள்ளைக்கு நீங்க என்னத்த வாசிக்கச் சொல்லிக் குடுத்தீங்க? எழுத்து தெரியிது, அர்த்தம் புரியலயே. அப்பா வருவாருன்னு வாசல்ல குந்திக்கிட்டு இருக்கா."

"நோட்டீஸ்ல என்ன எழுதியிருக்கு, அக்கா? வாசிங்க."

ஜெயந்தினி வாசித்தாள்.

"அக்கா, அவ சரியாத்தானே புரிஞ்சிருக்கா" என்றார் கௌசி. "நீங்களும் நானும் சின்னதுல இருந்து ஒப்பாரி கேட்டு வளந்தோம். 'போனீயளே வருவீயளோ'ன்னு அழுதா, வரமாட்டாங்கன்னு நமக்குத் தெரியும். எது ஏக்கத்துல சொல்றது, எது நெசமா சொல்றதுன்னு காதுதான் நமக்குப் பழக்கிச்சி. அவளுக்கு அந்தப் பழக்கம் எங்க இருந்து வரும்? 'அவன் மனம் உடைந்தது'ன்னு பாடத்துல வந்தப்ப, ஒரு ஆள வரைஞ்சி நெஞ்சு நடுவுல சட்டி ஒடஞ்ச மாதிரி ஓட்டை போட்டா. அதையெல்லாம் ஒண்ணொண்ணா ஒக்காந்து சொல்லிக் குடுக்கலாம், வந்துரும். ஆனா அப்பா எறந்தத நீங்க சொல்லியிருப்பீங்கன்னுல்ல நான் நெனச்சிக்கிட்டு இருக்கேன்!"

"எனக்கு அந்தக் கைப் பாஷை தெரியாதே, டீச்சர்."

"எழுதுங்க, அக்கா. அவ எழுத்த நம்புறா. ஒங்கள விட, என்னைய விட எழுத்தத்தான் நம்புறா. அதனால இனிமே அவளுக்குப் பொய்ய மட்டும் எழுதிக் குடுத்துறாதீங்க. சத்தியம் பண்ணுங்க."

"சத்தியமா மாட்டேன்" என்றாள் ஜெயந்தினி. சத்தியம் பண்ணிவிட்டு, பிள்ளையின் கொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். 'அப்பா' என்று எழுதினாள். அடுத்த சொல்லுக்குப் பேனா போகவில்லை. எழுதினால் செத்துவிடுவான் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

வருஷ நாள் அன்று படையலுக்கு ஆட்டு ஈரலும் முட்டையும் ரொட்டியும் சம்பலும் ஆயின. ஜீவராஜுக்குப் பிடித்தது அதுதான். காளியாயி தேங்காய் திருவிக் கொடுத்தாள். நாலு மணிக்கெல்லாம் பனி இறங்கி, எதிர் லயம் மறைந்து, பீலியும் மறைந்தது. தலைவாழை இலையைப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தேடினால் காணோம். படியில் பூட்ஸும் இல்லை.

"பிரியந்தி!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினாள் ஜெயந்தினி. "பிரியந்தீ!"

கேட்காத பிள்ளையைக் கூப்பிடுகிறோம் என்று நாலைந்து தடவை கத்திய பிறகுதான் உறைத்தது. பதினொரு வருஷமாகியும் பெற்ற வாய்க்கு அது பழகவில்லை. ஒருத்தரை ஒருத்தர் தொட்டால்தான் தெரியும் என்கிற பனியில், பின்னால் நின்று கூப்பிட முடியாத பிள்ளையை எப்படிப் பிடிப்பது? மேலே சரிவுக்குக் குறுக்கே கட்டிய கயிறு மழையில் இற்றுப் போய்விட்டது. 'செல்லாதே' என்று எழுதிய பலகையைப் போன மாதம் யாரோ அடுப்புக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பலகை இருந்திருந்தாலாவது அவள் வாசித்து நின்றிருப்பாள்.

"மச்சான்! புள்ள மேல போயிருச்சி!" என்று கந்தப்பனின் கதவில் அறைந்துவிட்டு, பைப்பைக் கையால் தடவிப் பிடித்துக்கொண்டே மலை ஏறினாள். பைப்பு குளிர்ந்து கிடந்தது. ஏழாம் நம்பர் மலைக்குப் பாதி வழியில் கால் வழுக்கி முழங்காலில் விழுந்தாள். விழுந்த இடத்தில் கையில் ஒரு கல் அகப்பட்டது. யோசிக்கவில்லை. அந்தக் கல்லால் பைப்பில் அடித்தாள். இரண்டு சேர்ந்தாற்போல், கொஞ்சம் விட்டு ஒன்று.

மேலே பனிக்குள் இருந்து பதில் வந்தது. இரண்டு சேர்ந்தாற்போல், கொஞ்சம் விட்டு ஒன்று.

அந்த ஒரு நிமிஷம் ஜெயந்தினி பிள்ளையை மறந்துவிட்டாள். இதைச் சொல்லவே நாக்கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான். "என்னங்க!" என்று கூவிக்கொண்டு எழுந்தாள். "வந்துட்டேங்க, நான் வந்துட்டேன்! எனக்குத் தெரியுங்க, நீங்க வருவீங்கன்னு!" என்று அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் தேயிலைக்குள் விழுந்தடித்து ஏறினாள். ஒரு வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்தது எல்லாம் வந்துவிட்டது.

பைப்பு முறிந்த இடத்தில் பிரியந்தி உட்கார்ந்திருந்தாள். ஒரு கை முறிந்த வாய்க்குள் மணிக்கட்டு வரை இருந்தது. மறு கையில் கல். பக்கத்தில் பூட்ஸ், பாதத்தை நுழைக்கத் தோதாகத் திருப்பி வைத்திருந்தது. அவள் காலுக்கு ஒரு முழம் தள்ளி மண் முடிந்து வெறும் பனியாக இருந்தது. கீழே, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், ஆறு போகிற சத்தம் ஜெயந்தினிக்கு மட்டும் கேட்டது.

பாய்ந்து பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிள்ளை திரும்பிப் பார்த்தது. அடித்தது அப்பா இல்லை, அம்மா என்று தெரிந்ததும் அதன் முகம் சுருங்கியது. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் ஜெயந்தினிக்குத் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது. இருவரும் ஒரே ஆளைத் தேடித்தான் ஏறி வந்திருக்கிறார்கள்.

பிள்ளையின் சட்டைப் பையில் ஒரு நோட்டீஸும் பேனாவும் இருந்தன. நோட்டீஸின் பின்பக்கத்தை முழங்காலில் வைத்து ஜெயந்தினி எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது.

'அப்பா செத்துவிட்டார்.'

பிரியந்தி விரல் வைத்து வாசித்தாள். 'அப்பா'வுக்குப் பூட்ஸைப் பார்த்தாள். அடுத்த சொல்லுக்கு எதைப் பார்ப்பது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தாள். பேனாவை வாங்கி எழுதினாள்.

'குழி எங்கே?'

கோழி செத்தபோது குழி வெட்டினார்கள். எதிர் லயத்துக் கிழவர் செத்தபோதும் வெட்டினார்கள், அவள் பார்த்திருக்கிறாள். செத்தது என்றால் குழி இருக்க வேண்டும். ஜெயந்தினி சரிவைக் காட்டினாள், ஆற்றைக் காட்டினாள். பிள்ளை தலையை ஆட்டி மறுத்தது. நோட்டீஸைத் திருப்பிக் கடைசி வரியில் விரலை வைத்தது. பிறகு தாய் எழுதிய வரியில் வைத்தது. இரண்டையும் மாறி மாறித் தொட்டது. எது நிஜம்?

ஜெயந்தினி பேனாவை வாங்கி, 'அது பொய். நான் ஆசையில் எழுதினேன்' என்று எழுதினாள். எழுதி முடித்ததும் ஓவென்று கத்தி அழுதாள். பிள்ளை அவள் தொண்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அந்த அழுகை அடங்கும் வரைக்கும் எடுக்காமல் இருந்தது.

கந்தப்பன் டோர்ச் லைட்டோடு வந்து சேர்ந்தபோது ஜெயந்தினி சொன்னாள்: "காலையில புல்லு அறுங்க, மச்சான். குழி வெட்டணும்."

மறுநாள் காலையில் மானாப்புல்லில் ஜீவராஜைக் கட்டினார்கள். நீலக் கட்டம் போட்ட சட்டையை மாட்டினார்கள். ஒற்றைப் பூட்ஸைக் காலில் கட்டினார்கள். கவ்வாத்துக் கத்தியைக் கந்தப்பன் உருவத்தின் வலக்கைப் பக்கம் வைத்து, "ஒன் சாமான நீயே வச்சிக்க, தம்பி. யாரையும் தேடி வராத" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழிக்குள் இறங்கி ஆழத்தைத் தன் இடுப்போடு அளந்து பார்த்தாள் பிரியந்தி. சுவர்களில் இருந்து சுரண்டி எடுத்த நோட்டீஸ்களையும் மிச்சக் கட்டையும் அவளே கொண்டுவந்து உருவத்தின் நெஞ்சில் போட்டாள். முதல் பிடி மண்ணைப் போட்டதும் அவள்தான். அப்போதுதான் அழுதாள், அதுவும் சத்தமில்லாமல். குழியை மூடி, மேலே கல் வைக்கும் வரை காளியாயி ஒப்பாரி வைத்தாள்.

அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரம் லயத்தில் கதவுகள் திறந்திருந்தன. எல்லாருக்கும் மூச்சு வந்திருந்தது. கந்தப்பன் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பிரியந்தி அப்பாவின் தட்டை எடுத்து வைத்துவிடலாம் என்று கடைசியாக ஒருமுறை கழுவினாள். ஜெயந்தினி ஹோஸைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தட்டை அலசிய பிள்ளை, நிமிரும்போது பழைய பைப்பில் கையை ஊன்றிக்கொண்டது.

டங், டங். கொஞ்சம் விட்டு, டங்.

கல்லில் அடித்த சத்தம் இல்லை. இரும்பில் இரும்பு அடித்த சத்தம். ஜெயந்தினி கந்தப்பனைப் பார்த்தாள். அவர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார், கோப்பை பாதியில் நின்றுவிட்டது. காளியாயி தன் வாசலில் அப்படியே உறைந்து நின்றாள். லயத்து ஆட்கள் எல்லாரும் கண்முன்னாலேயே இருந்தார்கள். மேலே பனியைத் தவிர ஒருவரும் இல்லை.

பிரியந்தி பைப்பில் இருந்து கையை எடுக்கவில்லை. தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகச் சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதி நீட்டினாள்.

'யார்?'

ஜெயந்தினிக்குக் கௌசி டீச்சருக்குப் பண்ணிக் கொடுத்த சத்தியம் ஞாபகத்துக்கு வந்தது. பேனாவை வாங்கினாள். பிள்ளையின் சின்னக் கையைத் தன் கையில் ஏந்திக்கொண்டு, அந்தச் சொல்லுக்குக் கீழே எழுதினாள்.

'யாரும் இல்லை.'

பிரியந்தி அதை விரல் வைத்து வாசித்தாள். வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். எழுதியிருந்தால் அவளுக்குப் போதும். பைப்பில் இருந்து கையை எடுத்தாள். தட்டைத் துடைத்து, தாயின் முந்தானையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அம்மிக் குழவியை உருட்டி மூலையில் தள்ளிவிட்டு, இத்தனை நாளில் முதல் தடவையாக அவளே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்து, நேற்றைய ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

வெளியே பைப்பில் மறுபடியும் கேட்டது. இரண்டு சேர்ந்தாற்போல், கொஞ்சம் விட்டு ஒன்று. அதற்குப் பிறகும் கேட்டது. பிள்ளை நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஜெயந்தினி கதவோடு கதவாக நின்றாள். தாழ்ப்பாளில் வைத்த கையை அவளால் எடுக்கவும் முடியவில்லை, தாழ்ப்பாளை இழுத்துத் திறக்கவும் முடியவில்லை.